மேசைக் கணினி மெல்ல மாறுவது ஏன்?

சென்ற தை மாதத்தில் சுண்ணாம்புக்குளத்துக்குப் போயிருந்தேன். சென்னையிலிருந்து கூடூருக்குச் செல்லும் இருப்புப் பாதையில் கும்மிடிப்பூண்டியைக் கடந்து, எளாவூரில் இறங்கிக் கிழக்கே ஏரிப் பக்கமாகச் சென்றால் அவ்வூரை அடையலாம். பழவேற்காட்டு ஏரியின் படுகையில் சிப்பி ஓடுகள் ஏராளம். அவற்றைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது இவ்வட்டாரத்தின் பழந்தொழில். ஊரின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அதுவே நினைவுக்கு வரும். தை மாதத்தில் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நிற்கும். அவற்றைக் காணவே போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். உண்மையில் நான் போனது நண்டுக் குழம்புக்காக.

அங்கே எனக்கு ஒரு நண்பர் உண்டு. பொன்னேரியில் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். நான் கணினி கற்பிக்கும் ஆசிரியனானேன். அவர் தம் தந்தையாரின் தொழிலையே மேற்கொண்டு ஏரியில் வலை போடுகிறார். அவருடைய மகள் கட்டடப் பொறியியலில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டையும் பாலத்தையும் வரைவதற்கும், அவை பாரம் தாங்குமா என்று கணக்கிட்டுப் பார்ப்பதற்கும் அவளுக்குச் சொந்தமாக ஒரு கணினி வேண்டியிருந்தது. அவ்வாண்டு இறால் ஓரளவு கிடைத்திருந்தது. புதிய வலைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தைக் கணினிக்குக் கொடுப்பதென்று தந்தை முடிவு செய்திருந்தார். பழைய வலையையே பொத்தி இன்னும் ஒரு பருவம் ஓட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆகவே, வாங்கும் யந்திரம் தவறிப்போனால் நஷ்டம் ஒரு வலை.

சாப்பாடு முடிந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்து தன் சந்தேகத்தைச் சொன்னாள்.

"மாமா, சென்னையில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன். மடிக்கணினி கேட்டால் இந்த வருஷத்து மாடல் என்று பத்து விதம் எடுத்து வைக்கிறார்கள். வரைபட வேலைக்கு நல்ல மேசைக் கணினி கேட்டால், மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த மாடலைக் காட்டுகிறார்கள். விலையோ அதற்குத்தான் அதிகம். நிபுணர்கள் வாங்குகிற யந்திரத்தைத்தானே முதலில் புதுப்பிக்க வேண்டும்? ஒரு கடைக்காரர், 'மேசைக் கணினியின் காலம் முடிந்துவிட்டது, அம்மா' என்றே சொல்லிவிட்டார். வாங்கலாமா, கூடாதா?"

கேள்வி நியாயமானது. மிகுந்த விலை கொடுப்பவனுக்கு மிகப் புதிய பொருள் கிடைக்க வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் நினைப்போம். ஆனால் கணினி வியாபாரத்தில் பெரும்பாலும் அது தலைகீழாக இருக்கிறது. இப்படி ஏன் நேர்ந்தது என்பதை அன்று அவளுக்குச் சொன்ன வரிசையிலேயே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

நான் முதலில் அவளுக்கு விடை கூறவில்லை. நண்பரிடம் திரும்பி, "உன் படகுக்கு என்ன வயது?" என்று கேட்டேன். பன்னிரண்டு என்றார். கண்ணாடியிழைப் படகு அது. எஞ்சினை நான்கு ஆண்டுகளுக்கு முன் மாற்றினாராம். "வலை?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நண்டுக்குப் போடும் வலை ஒரு பருவம் தாங்கினால் அதிருஷ்டம் என்றார். "அப்படியானால் நீ வைத்திருப்பது பழைய படகா, புதிய படகா?" என்று கேட்டேன். "உடம்பு பழசுதான். அதற்காக நான் பழைய வலையைப் போட்டா மீன் பிடிக்கிறேன்?" என்றார்.

மேசைக் கணினியின் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பதில் உடனே விளங்கும். அதனுள்ளே ஒரு பெரிய பலகை இருக்கிறது. அதன்மீது மையச் செயலி ஒரு கூட்டில் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. நினைவகத் துண்டுகள் தனித் துளைகளில் செருகப்பட்டிருக்கின்றன. படங்களை வரையும் கிராஃபிக்ஸ் அட்டை வேறொரு துளையில் நிற்கிறது. தகவலைச் சேமிக்கும் தட்டு, மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பெட்டி, காற்றாடி யாவும் தனித்தனி உறுப்புகள். நினைவகம் போதவில்லையானால் இன்னொரு துண்டைச் செருகலாம். கிராஃபிக்ஸ் அட்டை பழையதாகிவிட்டால் அதை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். படகிலே எஞ்சினை மாற்றுவது போன்றதுதான் இது. நிபுணர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மேலே இருக்கும் மாடல் பெயர் 3 ஆண்டு பழையது. உள்ளே இருக்கும் அட்டை சென்ற மாதம் வந்தது.

மடிக்கணினியிலோ இதற்கு இடமில்லை. ஒரு விரல் கனமுள்ள தட்டில் திரை, விசைப் பலகை, மின்கலம், செயலி, நினைவகம் எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே பெரும்பாலானவற்றில் செயலியைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். மெல்லியவற்றில் நினைவகத்தையும் அவ்வாறே செய்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஃப்ரேம்வொர்க் என்னும் நிறுவனம் 2021 முதல் உறுப்புகளைக் கழற்றி மாற்றத்தக்க மடிக்கணினிகளை விற்கத் தொடங்கியது உண்மைதான். ஆனால் அது விதிவிலக்கு. பொதுவாக, மடிக்கணினியில் எது புதிதாக வேண்டுமானாலும் முழு யந்திரமும் புதிதாக வேண்டும். அதைப் புதுப்பிக்கும் வேலை தயாரிப்பாளன் கையில் இருக்கிறது. மேசைக் கணினியைப் புதுப்பிக்கும் வேலையில் ஒரு பங்கு வாங்கியவன் கைக்கு வந்துவிடுகிறது. இதனால் தயாரிப்பாளன் சற்றுத் தூங்கினாலும் நிபுணனுக்கு வேலை கெடுவதில்லை.

இது பாதி விடைதான். செயலி என்னும் சில்லிலேயே உண்டான ஒரு மாறுதலையும் நாம் கவனிக்க வேண்டும். மாணவர்கள் சற்று உன்னிப்பாகக் கேட்க வேண்டிய பகுதி இது.

1993ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் பென்டியம் என்ற செயலியை வெளியிட்டபோது, அதன் துடிப்பு வினாடிக்கு 6 கோடி அளவில் இருந்தது. 2004இல் அதே நிறுவனத்தின் பென்டியம் 4 செயலி வினாடிக்கு 380 கோடித் துடிப்பை எட்டியது. பதினோரு ஆண்டுகளில் அறுபது மடங்குக்கும் மேல்! அந்த நாளில் மேசைக் கணினி ஆண்டுக்கு ஆண்டு பழையதாகிப் போயிற்று. 400 கோடித் துடிப்புள்ள பென்டியம் 4 வரப்போகிறது என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். அது வரவே இல்லை; 2004இலேயே அத்திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். துடிப்பைக் கூட்டக் கூட்டச் சில்லு அடுப்பாகிவிட்டதே காரணம். 2023இல் மேசைக் கணினிச் செயலி ஒன்று வினாடிக்கு 600 கோடித் துடிப்பைத் தொட்டது. அதாவது, பின்வந்த பத்தொன்பது ஆண்டுகளில் வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை.

அதன்பிறகு பொறியியலார் தங்கள் முயற்சியை வேறு வழியில் திருப்பினார்கள். ஒரே சில்லில் பல செயலிகளை வைத்தார்கள். அதைவிட முக்கியமாக, ஒரு வேலைக்குச் செலவாகும் மின்சாரத்தைக் குறைத்தார்கள். இனி, அந்தச் சிக்கனத்தால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். மேசைக் கணினி சுவரிலுள்ள மின்சாரத்தில் ஓடுகிறது. அதன் செயலி 200 வாட்டுக்கு மேல் உண்டாலும் பெரிய காற்றாடி ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம். மெல்லிய மடிக்கணினியின் செயலியோ 15 வாட் அளவில் பிழைப்பு நடத்த வேண்டும். அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு வாட்டும் மின்கலத்தின் ஆயுள். மடியில் படும் சூட்டில் ஒரு குறைவு. 2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் மேக்புக் ஏர் மடிக்கணினியில் இன்டெல் செயலியை நீக்கித் தன் சொந்தச் செயலியை வைத்தது. அதற்கு முன் 11 மணி நேரம் இணையத்தில் உலவலாம் என்று சொன்ன நிறுவனம், அதன்பின் 15 மணி நேரம் என்று சொன்னது. காற்றாடியையும் எடுத்துவிட்டது. வாங்குபவன் இந்த வேறுபாட்டை முதல் நாளே உணர்வான். அதே சிக்கனம் மேசைக் கணினிக்கு வந்தால் மின்சாரக் கட்டணத்தில் சில ரூபாய் குறையும், அவ்வளவுதான்.

இன்னொரு தொழில் இரகசியமும் உண்டு. சில்லுகளை ஒரு பெரிய வட்டத் தகட்டில் ஒட்டுமொத்தமாக அச்சிட்டுப் பிறகு தனித்தனியாக வெட்டி எடுக்கிறார்கள். புதிய செய்முறை ஒன்று தொடங்கும்போது தகட்டில் குறைகள் மிகுதியாக விழும். துணியில் பத்து இடத்தில் கறை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நூறு கைக்குட்டைகளாக வெட்டினால் பத்துத்தான் பழுதாகும், தொண்ணூறு தேறும். அதே துணியை நான்கு போர்வைகளாக வெட்டினால் நான்குமே கறைபட்டிருக்கக்கூடும். மடிக்கணினிச் சில்லு கைக்குட்டை. நிபுணர் மேசைக் கணினியின் சில்லு போர்வை. ஆகவே புதிய செய்முறையில் முதலில் கைக்குட்டை வெட்டுவதுதான் புத்திசாலித்தனம். கறைகள் குறைந்து கை பழகியபின் போர்வைக்கு வருகிறார்கள்.

இதற்குச் சான்று வேண்டுமா? இன்டெல் நிறுவனம் 14 நானோமீட்டர் என்று பெயரிட்ட செய்முறையிலேயே 2015இலிருந்து 2021 தொடக்கம் வரை தன் மேசைக் கணினிச் செயலிகளைச் செய்துவந்தது. இடையில் 10 நானோமீட்டர்ச் செய்முறை வந்தது. 2019இல் அது மடிக்கணினிக்குள் பெருமளவில் நுழைந்தது. அதே குடும்பத்துச் செயலி நிபுணர் மேசைக் கணினிக்கு வந்தது 2021ஆம் ஆண்டின் நடுவில். ஆப்பிள் கதையும் அப்படியே. 2020இல் மேக்புக்குகளும், மடிக்கணினிச் சில்லையே உள்ளே கொண்ட மேக் மினி என்ற சிறு பெட்டியும் மாறின. நிபுணர்களுக்கான மேக் புரோ கடைசியாக, 2023 ஜூனில்தான் மாறியது. இவ்வரிசையை இயற்கை விதியென்று கொள்ள வேண்டாம். 2021 நவம்பரில் இன்டெலின் ஆல்டர் லேக் செயலி மேசைக் கணினிக்கே முதலில் வந்தது.

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். 2008ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில், உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட மடிக்கணினிகளின் எண்ணிக்கை மேசைக் கணினிகளை முதன்முறையாக மிஞ்சியது. நம் மாநிலத்திலும் அந்தக் காற்று அடித்தது. 2011 செப்டம்பர் 15ஆம் நாள், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. தொடக்க விழா நடந்தது சுண்ணாம்புக்குளம் அடங்கிய இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். முதலாண்டுக்கு மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் மடிக்கணினிகள் வேண்டுமென்று எல்காட் நிறுவனம் விலை கேட்டது. 9 லட்சம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புது மாடலை வடிவமைத்து, அச்சு வார்த்து, சோதித்துச் சந்தைக்குக் கொண்டுவர 10 கோடி ரூபாய் ஆவதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 10 லட்சம் பேர் வாங்கினால் தலைக்கு 100 ரூபாய். 5,000 பேர்தான் வாங்குவார்கள் என்றால் தலைக்கு 20,000 ரூபாய். மேசைக் கணினியின் மாடலை ஆண்டுதோறும் மாற்றினால் அந்த 20,000 ரூபாயை ஆண்டுதோறும் யாரோ கொடுத்தாக வேண்டும். யார் கொடுப்பார்? படகு வார்ப்பவர் ஒவ்வோர் ஆண்டும் புது அச்சு செய்தால், படகின் விலை என்னவாகும் என்று நண்பரிடம் கேட்டேன். "நான் கட்டுமரத்துக்குத் திரும்பிவிடுவேன்" என்றார்.

இவ்வளவும் தயாரிப்பாளர் பக்கத்து நியாயம். வாங்குவோர் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. எனக்கு அதுவே எல்லாவற்றிலும் சுவையானதாகத் தோன்றுகிறது. அதைச் சொல்ல எனக்கு வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஏரிக்கரையில் நின்று அக்கரையைக் காட்டினேன்.

ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. 1971இலிருந்து அங்கே ராக்கெட்டுகளை ஏவி வருகிறார்கள். இந்த ஊர்க் குழந்தைகளுக்கு ராக்கெட் என்பது புத்தகத்துப் படமன்று. கூரைமேல் ஏறி நின்று பார்க்கிற வேடிக்கை. ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடையால் மீனவர்களுக்கு வருமான இழப்பும் உண்டு. அந்த ராக்கெட்டின் உள்ளே வழி காட்டுவதும் ஒரு கணினியே. அது எவ்வளவு புதியதாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

இஸ்ரோவின் ஏவுகலங்களில் விக்ரம் 1601 என்ற செயலி 2009 முதல் பணியாற்றியது. அது 16 பிட் செயலி. அதாவது, ஒரே வாயில் 16 இலக்கங்களை விழுங்கக்கூடியது. 2016இல் அதைச் சண்டிகரிலுள்ள குறைக்கடத்திக் கூடத்திலேயே தயாரித்துப் பயன்படுத்தினார்கள். அதன் தம்பியான 32 பிட் விக்ரம் 3201, 2024 டிசம்பர் 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-60 கலத்தில் விண்வெளிக்குச் சென்று தேர்வு பெற்றது. 2025 மார்ச்சில் முதல் தொகுதி முறைப்படி ஒப்படைக்கப்பட்டது. இதோடு கடைத்தெருவை ஒப்பிட்டுப் பாருங்கள். 32 பிட் கொண்ட இன்டெல் 386 செயலி வெளிவந்தது 1985இல். வீட்டு மேசைக் கணினிக்கு 64 பிட் செயலி வந்தது 2003இல். ராக்கெட்டுக்குள் இருப்பது, எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், நம் பாட்டனார் காலத்துச் சரக்கு!

இஸ்ரோவின் பொறியியலாருக்குப் புதியது தெரியாதா? தெரியும். ஆனால் அந்தச் செயலி நடுக்கத்தைத் தாங்க வேண்டும். கொதிப்பையும் குளிரையும் தாங்க வேண்டும். அதன்மேல் ஓடும் கட்டளைத் தொடர் முழுவதும் அந்தச் செயலியிலேயே மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். செயலியை மாற்றினால் அவ்வளவு சோதனையும் முதலிலிருந்து தொடங்கும். பறக்கும்போது தவறு நேர்ந்தால் திருத்துவதற்கு ஆளில்லை. ஆகவே நன்றாகத் தெரிந்த பழையவன், இன்னும் பழகாத புதியவனைவிட மேலானவன்.

நிபுணர் மேசைக் கணினி இவ்வளவு கண்டிப்பானதன்று. ஆயினும் அதே மனப்பான்மை அங்கும் ஓரளவு உண்டு. பாலத்தின் வரைபடத்தையும் விமான உறுப்பையும் வரைய உதவும் மென்பொருள்களைச் செய்யும் நிறுவனங்கள், இன்ன கணினியில், இன்ன கிராஃபிக்ஸ் அட்டையில் எங்கள் மென்பொருள் பிழையின்றி ஓடும் என்று சோதித்துப் பட்டியல் வெளியிடுகின்றன. அப்பட்டியலைப் பார்த்தே பெரிய அலுவலகங்கள் ஒரே மாதிரியான நூறு யந்திரங்களை வாங்குகின்றன. அடுத்த ஆண்டு இன்னும் ஐம்பது வேண்டுமென்றால், அதே மாதிரிதான் வேண்டும் என்று கேட்கின்றன. இவர்களை முன்னிட்டே, அலுவலகக் கணினிகளில் குறைந்தது 15 மாதங்களுக்கு முக்கிய உறுப்புகளை மாற்றுவதில்லை என்று இன்டெல் ஒரு திட்டம் வகுத்தது. மாறாமலிருப்பதையே ஒரு சரக்காக விற்றார்கள் என்று சொல்லலாம்.

இவ்வளவு சொன்னதைக் கேட்டு, தயாரிப்பாளர்கள் செய்வதெல்லாம் சரி என்று நான் வக்காலத்து வாங்குவதாக எண்ணிவிடாதீர்கள். இந்த நியாயங்களுக்கெல்லாம் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: பெட்டி திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த நிபந்தனையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு.

2013 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒரு புதிய மேக் புரோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கறுத்துப் பளபளக்கும் உருளை. பார்க்க ஒரு பெரிய டம்ளர் போல இருக்கும். நடுவிலே முக்கோண வடிவில் ஓர் உலோகத் தூண். அதைச் சுற்றிச் செயலியும் இரண்டு கிராஃபிக்ஸ் அட்டைகளும். மேலே ஒரே காற்றாடி. அழகிலே குறைவில்லை. ஆனால் உள்ளே புதிய அட்டை செருக இடமில்லை. பின்னர்ச் சந்தையில் பெரிய, ஒற்றையான, அதிகச் சூடு தரும் கிராஃபிக்ஸ் அட்டைகள் வந்தன. அச்சூட்டை அந்த முக்கோணம் தாங்காது. உரிமையாளரும் மாற்ற முடியவில்லை. நிறுவனமும் மாற்ற முடியவில்லை. 2017 ஏப்ரலில் நிறுவனத் தலைவர்கள் சில பத்திரிகையாளர்களை அழைத்து, வெப்பத்தைப் பொறுத்தவரை தாங்களே ஒரு மூலையில் போய் மாட்டிக்கொண்டதாக ஒப்புக்கொண்டார்கள். அடுத்த மேக் புரோ வந்தது 2019 டிசம்பரில். ஆறு ஆண்டுகள்! அதில் எட்டுத் துளைகள் வைத்திருந்தார்கள். நினைவகத்துக்குப் பன்னிரண்டு துளைகள். 2023இல் அதற்குப்பின் வந்ததில் அட்டைத் துளைகள் இருந்தன. ஆனால் நினைவகத்தைச் செயலியோடு சேர்த்துப் பொதிந்துவிட்டார்கள், பிற நிறுவனங்களின் கிராஃபிக்ஸ் அட்டைகளும் அதில் வேலை செய்யவில்லை. என் கருத்து இதுதான்: மெல்லப் புதுப்பிப்பவன் பெட்டியைத் திறந்து வைக்க வேண்டும், பெட்டியை மூடி வைப்பவன் விரைந்து புதுப்பிக்க வேண்டும். இரண்டையும் செய்யாதவன் வாங்குபவனை நட்டாற்றில் விடுகிறான்.

பெட்டி திறந்திருந்தாலும் எல்லாவற்றையும் உரிமையாளர் சரிசெய்துவிட முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செயலி உட்காரும் கூடு சில ஆண்டுகளில் மாறிவிடுகிறது. பழைய பலகையில் புதிய செயலி பொருந்தாது. மென்பொருளும் கைவிடும். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளைப் பொதுவாக ஏற்றுக்கொள்வதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ யந்திரங்களை ஒரே அறிவிப்பு கிழவனாக்கிவிட்டது.

பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "மாமா, நீங்கள் சொன்னதெல்லாம் அமெரிக்கக் கதை. எங்கள் ஊரில் காற்றே உப்பு. மின்சாரம் நினைத்தால் போகும். அதைச் சொல்லுங்கள்" என்றாள். எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

உப்புக் காற்று இரண்டு யந்திரத்துக்கும் பகை. மேசைக் கணினியின் காற்றாடி உப்பையும் தூசியையும் உள்ளே இழுக்கிறது. ஆனால் அதைத் திறந்து துடைக்கலாம். அரித்துப்போன உறுப்பை மட்டும் மாற்றலாம். என்னுடைய பழைய மடிக்கணினியில் ஒரே ஒரு விசை துருப்பிடித்து நின்றுவிட்டது. பழுதுபார்க்கும் இடத்தில், விசைப் பலகை மேல்தட்டோடு ஒட்டியிருப்பதால் முழுத் தட்டையும் மாற்ற வேண்டுமென்றார்கள். அவர்கள் கேட்ட தொகையில் ஒரு நல்ல சைக்கிள் வாங்கலாம். நான் அந்த எழுத்தை உபயோகிக்காமலே சில மாதங்கள் கடிதம் எழுதிப் பார்த்தேன். அது வேறு கதை. மின்வெட்டிலோ மடிக்கணினிதான் ராஜா. மேசைக் கணினிக்கு ஒரு யு.பி.எஸ். பெட்டி வாங்கியே ஆக வேண்டும்; அதன் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விடுதிக்கு எடுத்துப் போக வேண்டுமானாலும் மடிக்கணினியே தக்கது.

அவளுக்கு விடுதி இல்லை. தினமும் வீடு திரும்புகிறவள். வேலையோ பெரிய வரைபடங்கள். ஆகவே மேசைக் கணினியே வாங்கலாம் என்றேன். மாடலின் வயதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அதற்குப் பதிலாக நான்கு விஷயங்களைக் கடைக்காரரிடம் கேட்கச் சொன்னேன். நினைவகத்துக்குக் காலித் துளை இருக்கிறதா? பின்னால் பெரிய கிராஃபிக்ஸ் அட்டை வைத்தால் மின்பெட்டி தாங்குமா? உள்ளே இருப்பவை எந்தக் கடையிலும் கிடைக்கிற அளவுள்ள உறுப்புகளா, அந்த நிறுவனத்துக்கே உரிய தனி வடிவமா? அவளுடைய மென்பொருளின் பட்டியலில் அந்த அட்டை இருக்கிறதா? இவற்றோடு இன்னொன்றும் சொன்னேன்: மூன்று ஆண்டு பழைய மாடலை வாங்குவது தவறன்று, மூன்று ஆண்டு பழைய மாடலுக்கு முதல் நாள் விலையைக் கொடுப்பதுதான் தவறு. இதைக் கேட்டதும் அதுவரை பேசாமலிருந்த நண்பரின் மனைவியார், "பேரம் பேச நானும் போகிறேன்" என்றார்.

பங்குனியில் மறுபடியும் போனேன். கணினி வந்துவிட்டிருந்தது. உப்புக் காற்று நேரே படாமல், ஏரிப் பக்கத்துச் சன்னலுக்கு எதிர்மூலையில் மேசை போட்டிருந்தார்கள். பேரத்தில் மிச்சமான பணத்தில் இன்னொரு நினைவகத் துண்டு வாங்கியிருந்தாள். அதை நான் வந்தபின் செருகலாமென்று காத்திருந்தாள். பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினோம். நண்பர் குனிந்து உள்ளே பார்த்தார். முக்கால்வாசி வெற்றிடம்.

"இவ்வளவு காசு கொடுத்து இதில் பாதிக்கு மேல் காலியா?" என்றார்.

"அந்தக் காலிக்கும் சேர்த்துத்தான் அப்பா காசு" என்று சொல்லிவிட்டு, துண்டைத் துளைக்கு நேரே பிடித்து மெதுவாக அழுத்தினாள்.